பந்தை எண்ணுங்கள்

(விழுப்புரத்தில் விளையாட்டு ஆர்வலர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், வேகப்பந்து வீசும் நம் பிள்ளைகள். மூன்று கேள்விகளை உங்கள் முன் வைக்கிறேன். நம் மண்ணில் வேகம் இருக்கிறதா? இருக்கிறது என்றால் அது எங்கே போய்விடுகிறது? போகாமல் காப்பாற்ற நாம் என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்றுக்கும் விடை தேடுவதே என் பேச்சு.

முதல் கேள்வி. வேகம் இருக்கிறதா?

இந்த மேடையில் உட்கார்ந்து யோசிப்பதைவிட, பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வற்றிய ஏரிக்குள் இறங்கிப் பாருங்கள். அறுவடை முடிந்த கையோடு சுவரெல்லாம் டோர்னமென்ட் நோட்டீஸ். முதல் பரிசு இவ்வளவு, இரண்டாம் பரிசு இவ்வளவு, நுழைவுக் கட்டணம் இவ்வளவு. ஆறு ஓவர் மேட்ச். கையில் டென்னிஸ் பந்து. ஓடி வருகிறவனுக்குப் பதினைந்து வயது இருந்தால் அதிகம். காலில் கேன்வாஸ் ஷூ, அதில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்க்கிறது. ஓடி வந்து, முன்காலை ஊன்றி, கையைச் சுழற்றி விடுகிறான் பாருங்கள், மட்டை இறங்குவதற்குள் குச்சி பறக்கிறது!

மேட்ச் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, பந்து வீசும் முனைக்குப் போய்க் கீழே பாருங்கள். அவன் முன்கால் விழுந்து விழுந்து, அந்த இடத்தில் உள்ளங்கை ஆழத்துக்கு ஒரு குழி விழுந்திருக்கும். இறுகிக் காய்ந்த ஏரி மண்ணிலே குழி! நண்பர்களே, மண்ணே குழிந்துபோகிற அடியை, அந்தப் பிள்ளையின் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் முதுகெலும்பும் வாங்கிக்கொண்டிருக்கின்றன. இந்தக் குழியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சு முழுவதும் இதைச் சுற்றியே வரப்போகிறது.

வேகம் இன்று நேற்று வந்ததல்ல. நம் பக்கத்துச் செங்கல்பட்டுச் சீமையில் மொறப்பாக்கம் என்று ஒரு கிராமம். 1909இல் அங்கே பிறந்தவர் எம். ஜே. கோபாலன். 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், சேப்பாக்கம் மைதானத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் தொடங்கியது. அந்தக் கோப்பையின் வரலாற்றிலேயே முதல் பந்தை வீசியவர் யார்? இந்த கோபாலன்தான்! இந்திய அணிக்காகக் கிரிக்கெட்டும் ஆடினார், ஹாக்கியும் ஆடினார். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே நடந்த ஆட்டங்களுக்கே கோபாலன் கோப்பை என்று அவர் பெயரைச் சூட்டினார்கள்.

அந்தக் கிராமத்துக்காரர் எப்படி வளர்ந்தார்? சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், சென்னைக் கிரிக்கெட்டின் முக்கியப் புள்ளி, அவருடைய திறமையைக் கண்டார். கண்டதோடு விட்டாரா? பர்மா ஷெல் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தார். சோற்றுக்கு வழி செய்தார். அதற்குப் பிறகுதான் பந்து பேசியது. இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: வேகம் இருக்கிறது. அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். அது எங்கே போய்விடுகிறது?

இதற்குப் பதில் சொல்ல உங்களை அமெரிக்காவுக்கு அழைத்துப் போகிறேன். அங்கே பேஸ்பால் என்று ஒரு ஆட்டம். அதில் பந்தை எறிகிறவர் பிட்சர். 60 அடி 6 அங்குலத் தூரத்திலிருந்து எறிவார். நம் ஊர் வேகப்பந்து வீச்சாளரைப் போலவே அணியின் உயிர்நாடி அவர்தான். பள்ளிப் பையன் ஒருவன் அசுர வேகத்தில் எறிகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய அணி அவனை எடுத்துக்கொள்கிறது. உடனே பெரிய மைதானத்தில் இறக்கிவிடுகிறதா? இல்லை. கீழேயிருந்து படிப்படியாக ஏற்றுகிறது. பயிற்சி வளாகத்தில் புதியவர்களுக்கான ஆட்டங்கள். அதற்கு மேலே சிங்கிள் ஏ, ஹை ஏ, டபிள் ஏ, ட்ரிபிள் ஏ என்று நான்கு படிகள். 30 பெரிய அணிகளுக்கும் தலைக்கு நான்கு என 120 சிறிய அணிகள். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் மைனர் லீக். பல பிட்சர்கள் நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு அங்கேயே இருந்து மேலே வருகிறார்கள். மேலே வராமலே முடிந்துவிடுகிறவர்கள் அதைவிட அதிகம்.

இந்தப் படியில் இந்தியப் பிள்ளைகள் இருவர்கூட ஏறினார்கள், தெரியுமா? 2008இல் இந்தியாவில் ஒரு போட்டி நடந்தது. யார் வேகமாக எறிகிறார்கள் என்று ஊர் ஊராகத் தேடினார்கள். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இருவர் தேறினார்கள். இருவரும் ஈட்டி எறிகிறவர்கள். பேஸ்பாலைக் கையில் தொட்டதே இல்லை. அமெரிக்காவில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் சில மாதம் பழகி, அந்த ஆண்டு நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 2014இல் இந்தக் கதை படமாக வந்தது. இசை நம் ஏ. ஆர். ரஹ்மான்.

படம் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடலாம். வாழ்க்கை அப்படி முடியாது. தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு நின்றார். கீழ்ப்படியிலிருந்து ஏறினார். 2012இல் வெஸ்ட் வர்ஜினியா பவர் என்ற அணிக்காக 39 ஆட்டங்களில் 72 இன்னிங்ஸ் எறிந்தார். அடுத்த படி தெரிகிற நேரத்தில் முழங்கை போயிற்று. அறுவை சிகிச்சை. அந்த அளவோடு பேஸ்பால் முடிந்தது. பிறகு மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார்.

ஈட்டி எறிந்த கைக்கு வேகம் இருந்தது. அது போதவில்லை. அந்த வேகத்தைத் தாங்குகிற உடம்பு ஒரு நாளில் உருவாவதில்லை. அமெரிக்கர்கள் இந்தப் பாடத்தை ரத்தம் சிந்திக் கற்றார்கள். 1974இல் டாம்மி ஜான் என்ற பிட்சருக்கு முழங்கை இணைப்புநார் அறுந்தது. பிராங்க் ஜோப் என்ற மருத்துவர் உடம்பின் வேறொரு இடத்திலிருந்து தசைநாணை எடுத்து அங்கே வைத்துக் கட்டினார். டாம்மி ஜான் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். அந்தச் சிகிச்சைக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. பிறகு என்ன ஆயிற்று? பள்ளிப் பிள்ளைகளுக்கே அந்த அறுவை சிகிச்சை செய்யும் நிலை வந்தது. அப்போதுதான் விழித்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டார்கள். 13, 14 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் எறியக் கூடாது. 66ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. ஆண்டில் நான்கு மாதமாவது எறிவதையே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பந்தையும் ஒருவர் உட்கார்ந்து எண்ணுகிறார்!

கிரிக்கெட்டில் இந்தக் கணக்கு இல்லையா? இருக்கிறது. இங்கிலாந்தில் 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் தொடர்ச்சியாக 5 ஓவர், நாள் முழுவதும் 10 ஓவர் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். வயது ஏற ஏறத்தான் எல்லையும் ஏறும்.

இப்போது நம் ஏரிக்குத் திரும்புவோம். அந்தப் பதினைந்து வயதுப் பையன் காலையில் தன் ஊர் அணிக்கு வீசுகிறான். மதியம் மாமன் ஊர் அணிக்கு ஆள் குறைகிறது என்று வண்டி அனுப்பி அழைத்துப் போகிறார்கள். மாலையில் ஃபைனல். கடைசி ஓவர் அவனுக்குத்தான். இடையிலே என்ன சாப்பிட்டான்? ஒரு பரோட்டா, ஒரு டீ. மறுநாளும் மேட்ச். எத்தனை பந்து வீசினான் என்று யாராவது எண்ணினார்களா? அவன் அம்மாவுக்குத் தெரியுமா? கேப்டனுக்குத் தெரியுமா? அவனுக்கே தெரியுமா?

சரி, அவன் திறமையைப் பார்த்து ஒரு நாள் லெதர் பந்தைக் கையில் கொடுக்கிறார்கள். டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் குறைவு. கிரிக்கெட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு! அதே தோள், அதே முதுகு, மூன்று மடங்கு பாரம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டியதை, செலக்‌ஷன் அன்று காலையில் பழக்குகிறோம். இரண்டு வாரத்தில் முதுகு வலிக்கிறது என்கிறான். ‘தைலம் தேய்த்துக்கொள், சரியாகிவிடும்’ என்கிறோம். எலும்பில் மயிரிழை போல் விரிசல் விட்டிருப்பது யாருக்கும் தெரிவதில்லை. அந்தப் பிள்ளை பிறகு எங்கே போனான் என்று யாரும் கேட்பதும் இல்லை.

லட்சுமிபதி பாலாஜியை எல்லோருக்கும் தெரியும். 2004 பாகிஸ்தான் சுற்றுப்பயணத்தில் நாடே கொண்டாடிய பிள்ளை. அடுத்த சில ஆண்டுகளை முதுகெலும்பு விரிசல் விழுங்கிவிட்டது. பந்துவீசும் முறையையே மாற்றிக்கொண்டு வந்தார். 2008இல் சேப்பாக்கத்தில், ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார். இந்திய அணியில் ஆடியவர், மருத்துவரும் பயிற்சியாளரும் பக்கத்தில் இருந்தவர், அவருக்கே மீண்டு வர ஆண்டுகள் பிடித்தன. யாருமில்லாத நம் ஏரிக்கரைப் பிள்ளை எப்படி மீள்வான்?

இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான்: வேகம் எங்கும் போகவில்லை. நாம்தான் அதைப் பதினேழு வயதுக்குள் செலவழித்துவிடுகிறோம்.

மூன்றாவது கேள்வி. என்ன செய்ய வேண்டும்?

இதற்கு வெளியூர் போக வேண்டாம். திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று அங்கிருந்து வந்த மல்லாட்டை (நிலக்கடலை) ரகங்களை நம் விவசாயிகள் விதைத்திருக்கிறார்கள். மல்லாட்டையின் குணம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பூ மேலே பூக்கிறது, காய் மண்ணுக்குள் பிடிக்கிறது. விவசாயி நாள் எண்ணுகிறார். களை எடுக்கிறார். நாற்பது நாள் ஆனதும் ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறார். காய் பிடித்திருக்கிறதா என்று தினம் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்கிறவர் அறுவடை காண்பதில்லை. பயிருக்குக் காட்டுகிற இந்தப் பொறுமையைப் பிள்ளைக்குக் காட்ட முடியாதா?

காட்ட முடியும் என்று சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நிரூபித்திருக்கிறது. தங்கராசு நடராஜன். தந்தை தறித் தொழிலாளி, தாய் சாலையோரத்தில் கடை வைத்திருந்தவர். இருபது வயது வரை டென்னிஸ் பந்துதான் உலகம். ஜெயப்பிரகாஷ் என்ற ஊர்க்காரர் அவரைக் கைப்பிடித்துச் சென்னைக்கு அழைத்து வந்தார். எங்கே சேர்ந்தார்? நேராக முதல் டிவிஷனா? இல்லை, நான்காவது டிவிஷன். அங்கிருந்து விஜய் கிரிக்கெட் கிளப், ஜாலி ரோவர்ஸ் என்று ஏறினார். 2015 ஜனவரியில் ரஞ்சி அணியில் முதல் ஆட்டம்.

அந்த முதல் ஆட்டத்திலேயே, பந்துவீசும் முறையில் சந்தேகம் என்று புகார் வந்தது. முழங்கை அளவுக்கு மேல் மடங்கி நிமிர்கிறது என்றார்கள். 15 டிகிரிதான் அனுமதி. வேறொரு பிள்ளையாக இருந்தால் ஊருக்கு ரயில் ஏறியிருப்பான். நடராஜன் சென்னையிலேயே நின்றார். ஏன் நிற்க முடிந்தது? பயிற்சியாளர்கள் விடவில்லை. முறையை முதலிலிருந்து மாற்றிக் கட்டினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக், அதாவது டி.என்.பி.எல்., தொடங்கியது. திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராகப் போட்டார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம், எடுத்த விலை 3 கோடி!

அதோடு எல்லாம் நேராயிற்றா? அதுவும் இல்லை. காயம், காத்திருப்பு, பெஞ்ச். 2020 ஐ.பி.எல்.இல்தான் முழுதாக வெளிப்பட்டார். நெட் பவுலராக ஆஸ்திரேலியா போனார். டிசம்பர் 2ஆம் தேதி ஒருநாள் ஆட்டம், 4ஆம் தேதி இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15ஆம் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டம். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகம். இந்தியா பெயர் சொல்லும் வெற்றி பெற்ற அந்த டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். அப்போது அவருக்கு வயது 29.

இருபத்தொன்பது! நினைவில் வையுங்கள். பதினெட்டு வயதில் ‘இவன் தேற மாட்டான்’ என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோமே, அது எவ்வளவு அவசரம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடராஜன் தன் ஊரிலேயே மைதானம் கட்டினார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். அந்த ஊரிலிருந்தே ஜி. பெரியசாமி வந்தார், 2019 டி.என்.பி.எல்.இல் சேப்பாக் சூப்பர் கில்லீஸுக்காக வீசி எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். ஒருவன் ஏறிய படியில் இன்னொருவன் கால் வைக்கிறான். ஒரு கிராமத்தால் இது முடிகிறது. ஐந்து திசைக்கும் தண்டவாளம் போடப்பட்ட விழுப்புரம் ஜங்ஷனால் முடியாதா? நெடுஞ்சாலை நடுவே நிற்கிற திண்டிவனத்தால் முடியாதா?

நமக்கும் படிகள் இருக்கின்றன. மாவட்ட லீக் இருக்கிறது. 16 வயதுக்குட்பட்டோருக்கு விஜய் மெர்ச்சன்ட் கோப்பை, 19 வயதுக்குட்பட்டோருக்குக் கூச் பெஹார் கோப்பை, 23 வயதுக்குட்பட்டோருக்கு சி. கே. நாயுடு கோப்பை. சென்னையில் டிவிஷன் டிவிஷனாக லீக். 1987இல் டென்னிஸ் லில்லி தலைமையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் அதே சென்னையில் இருக்கிறது. ஜாகீர் கான் போன்றவர்கள் வேறு மாநிலங்களிலிருந்து வந்து அங்கே பழகிப் போனார்கள். நம் வீட்டு வாசல் அது! ஆனால் திண்டிவனத்துப் பிள்ளைக்கு முதல் படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே 125 கிலோமீட்டர், விழுப்புரத்துப் பிள்ளைக்கு 160 கிலோமீட்டர். அதிகாலை பாசஞ்சரில் கிட் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு போய், வெயிலில் வீசி, இரவு திரும்பி வந்து, மறுநாள் வேலைக்கோ கல்லூரிக்கோ போகிறான். எத்தனை மாதம் தாங்குவான்? அமெரிக்க மைனர் லீக்கிலும் இந்தக் கொடுமை இருந்தது. ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்துக் கிடந்தார்கள். வீரர்கள் குரல் கொடுத்தார்கள். 2022 முதல் தங்கும் இடம் தருவது அணிகளின் கடமை ஆயிற்று. 2023இல் சம்பளமும் உயர்ந்தது. திறமைக்குப் பாய் விரித்துப் படுக்க இடம் வேண்டும் என்பதை அவர்களும் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டார்கள். நாம் அவ்வளவு தாமதிக்க வேண்டாமே!

ஆகவே நான் கேட்பவை இவைதான்.

டோர்னமென்ட் நடத்தும் தம்பிகளே! ஸ்கோர் எழுதும் நோட்டில் இன்னொரு கட்டம் போடுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவன் அன்றைக்கு வீசிய பந்துகளை அதில் எழுதுங்கள். எல்லை வைத்து, அதைத் தாண்டினால் அம்பயர் நிறுத்தட்டும். பைசா செலவில்லாத காரியம் இது.

உடற்கல்வி ஆசிரியர்களே! வேகமாக வீசுகிற பிள்ளையை முதலில் நீங்கள்தான் பார்க்கிறீர்கள். டென்னிஸ் பந்திலிருந்து லெதர் பந்துக்கு அவனைப் பையப் பையக் கொண்டுபோங்கள். பந்துவீசும் முறையில் கோளாறு இருந்தால் பதினான்கு வயதிலேயே திருத்துங்கள். ரஞ்சி ஆட்டத்தில் புகார் வரும் வரை விடாதீர்கள்.

பெற்றோர்களே! முதுகு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் தைலத்தோடு நிறுத்தாதீர்கள், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். முட்டையும் பயறும் மல்லாட்டையும் கொடுங்கள். படிப்பை நிறுத்தாதீர்கள். உங்கள் மகள் வேகமாக வீசினால் அவளையும் இதே அக்கறையோடு மைதானத்துக்கு அனுப்புங்கள்.

ஊரில் வசதி படைத்த பெரியவர்களே! கோப்பைக்கும் பேனருக்கும் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கை எடுத்து, சென்னையில் லீக் ஆடுகிற நம் மாவட்டப் பிள்ளைகள் தங்க ஒரு அறை பிடித்துக் கொடுங்கள். கோபாலனுக்கு ஒரு ஜான்ஸ்டன் வேலை வாங்கிக் கொடுத்தார். நடராஜனுக்கு ஒரு ஜெயப்பிரகாஷ் கூட வந்தார். நம் பிள்ளைக்கு நீங்கள் வாருங்கள்.

கடைசியாக, பின்வரிசையில் நிற்கும் இளைஞர்களே! உங்களிடம் வேகம் இருக்கிறது. அவசரம் வேண்டாம். ‘இன்றைக்கு என் கணக்கு முடிந்தது, இனி வீச மாட்டேன்’ என்று கேப்டனிடம் சொல்லும் துணிச்சலைக் கற்றுக்கொள்ளுங்கள். இன்றைய கப்பு போனால் அடுத்த வாரம் இன்னொரு கப்பு வரும். போன முதுகு வராது. வருகிற ஞாயிறு முதல் பந்தை எண்ணுங்கள். ஊரே சேர்ந்து எண்ணட்டும்.